மக்ஸ் ஸ்டேர்னின் ஓவியங்களை இன்னமும் வைத்திருப்பவர்களுக்கும் அவற்றை விற்றுத் தருபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

உங்களில் சிலரது வீட்டில் ஒரு பழைய ஓவியம் தொங்குகிறது. பாட்டனார் வாங்கி வைத்ததாக இருக்கலாம், நீங்களே இருபது வருடங்களுக்கு முன் வாங்கியதாகவும் இருக்கலாம். வேறு சிலர் கொலோனிலோ வியன்னாவிலோ லண்டனிலோ ஏலக்கூடம் நடத்துகிறீர்கள். அப்படிப்பட்ட ஓவியம் ஒன்று விற்பனைக்கு வரும்போது முதலில் அதைக் கையிலெடுத்துப் பார்ப்பவர்கள் நீங்கள்தான். அந்த ஓவியம் 1930களில் டுஸ்ஸல்டோர்ஃப் நகரின் ஸ்டேர்ன் கலைக்கூடத்துக்குச் சொந்தமாக இருந்தது என்றால், இந்த மடல் உங்களுக்கானது.

"பகிரங்க ஏலத்தில், பணம் கொடுத்து, ரசீதோடு வாங்கியது. இதில் திருட்டு எங்கே இருக்கிறது?" என்று உங்கள் தரப்பில் கேட்கப்படுவதைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். நீதிமன்றங்களில் சொன்னீர்கள், பத்திரிகைகளுக்குச் சொன்னீர்கள். இந்தப் பதில் ஏன் செல்லாது என்று சொல்லவே எழுதுகிறேன். அதற்கு, நாசி ஆட்சியில் தன் ஓவியங்களை இழந்த யூதக் கலை வணிகர் மக்ஸ் ஸ்டேர்னின் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மக்ஸ் ஸ்டேர்ன் 1904இல் பிறந்தவர். தந்தை யூலியுஸ் ஸ்டேர்ன் 1913இல் டுஸ்ஸல்டோர்ஃபில் கலைக்கூடம் தொடங்கினார். நகரின் மிகப் பகட்டான வீதியான கோனிக்ஸ்அல்லேயில் கடை. பழைய டச்சு ஓவியர்களும், 19ஆம் நூற்றாண்டில் அந்த நகரின் கலைக்கழகம் வளர்த்தெடுத்த ஓவியர்களும் அவர்களுடைய சிறப்பு. மகன் கலை வரலாறு படித்து 1928இல் பொன் நகரப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு தந்தையின் தொழிலுக்கு வந்தார். 1934இல் தந்தை இறந்தபோது கடை முழுவதும் அவர் தோளில் விழுந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து அப்போது ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த ஆட்சி யூதக் கலை வணிகர்களை ஒழிக்கத் தெரிந்தெடுத்த வழி கடைக்குத் தீ வைப்பதல்ல, உறுப்புரிமை. 1933 செப்டெம்பரில் ஹிட்லரின் பிரசார அமைச்சரான கோயபல்ஸின் அமைச்சின் கீழ் கலாசாரச் சபை ஒன்றை அமைத்தார்கள். ஓவியம் வரையவோ விற்கவோ வேண்டுமானால் அதன் நுண்கலைப் பிரிவில் உறுப்பினராக இருக்க வேண்டும். 1935 ஓகஸ்டில் அந்தச் சபை ஸ்டேர்னுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ஜேர்மன் பண்பாட்டை வளர்க்கும் பணிக்கு வேண்டிய தகுதியும் நம்பகத்தன்மையும் அவரிடம் இல்லை, ஆகவே உறுப்புரிமை கிடையாது, கடையை நான்கு வாரத்தில் கலைத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஜேர்மன் ஓவியங்களைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற்று, ஜேர்மன் ஓவியர்களையே விற்றுக்கொண்டிருந்த மனிதருக்கு வந்த கடிதம் இது.

அவர் மேன்முறையீடு செய்தார். இரண்டு வருடம் எழுதினார், கேட்டார், தவணை வாங்கினார். இடையில் சகோதரி ஹெடி லண்டனுக்குப் போய் அங்கே ஒரு கலைக்கூடத்துக்கு அடித்தளமிட்டார். 1937 செப்டெம்பர் 13ஆம் திகதி இறுதி உத்தரவு வந்தது. இனி மேன்முறையீடு இல்லை. டிசெம்பர் 15ஆம் திகதிக்குள் இருப்பிலுள்ள ஓவியங்களைச் சபை அங்கீகரித்த ஒருவர் மூலம் விற்று முடிக்க வேண்டும்.

மூன்று மாதம். ஓவிய வியாபாரம் தெரிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல ஓவியத்துக்கு உரிய ஆளைக் கண்டுபிடித்து உரிய விலைக்குக் கைமாற்றவே ஒரு வருடம் போகும். இங்கே இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். 1937 நவம்பர் 13ஆம் திகதி கொலோனின் லெம்பெர்ட்ஸ் ஏலக்கூடத்தில் அவை அனைத்தும் ஒரே விற்பனையில் போயின. அந்த நிறுவனத்தின் 392ஆவது ஏலம் அது. விவரப்பட்டியலின் தலைப்பிலேயே இது டுஸ்ஸல்டோர்ஃப் ஸ்டேர்ன் கலைக்கூடத்தின் இருப்பு என்று அச்சிட்டிருந்தார்கள். ஆகவே அன்று அங்கே கையை உயர்த்திய எவரும், யாருடைய பொருளை, ஏன் இவ்வளவு மலிவாக வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கவில்லை. ஒரு யூத வணிகர் தன் முழு இருப்பையும் ஒரே நாளில் ஏலம் போடுவதன் பொருள் 1937இல் அந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

விற்ற பணமாவது அவர் கைக்கு வந்ததா என்றால் அதுவும் இல்லை. அது முடக்கப்பட்ட கணக்கொன்றுக்குப் போனது. டிசெம்பரில் அவர் நாட்டைவிட்டு வெளியேறி, பாரிஸ் வழியாக லண்டனுக்குச் சகோதரியிடம் போய்ச் சேர்ந்தார். தாய் செல்மா ஜேர்மனியிலேயே இருந்தார். அவரை வெளியே எடுக்க அனுமதி வேண்டும்; அனுமதிக்கு அரசு கேட்ட வரிகளைக் கட்ட வேண்டும். ஏலப் பணம் முழுவதும் அதற்கே போனது, ஒரு காசுகூட மகனுக்கு மிஞ்சவில்லை. உங்களில் எவராவது "அவர் விற்றார்" என்று இனி எழுத நினைத்தால், இந்தத் தாயை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கொலோனில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்திடம் ஸ்டேர்ன் ஒப்படைத்துவிட்டு வந்த மற்ற ஓவியங்களை நாசிகளின் இரகசியப் பொலிஸான கெஸ்டாபோ பறித்தது. அங்கே ஏலமென்ற நடைமுறைகூட இருக்கவில்லை.

லண்டனிலும் நிம்மதி கிடைக்கவில்லை. போர் வந்ததும், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களையே பிரித்தானிய அரசு "எதிரி நாட்டவர்" என்று பிடித்து அடைத்தது. ஸ்டேர்ன் முதலில் மான் தீவில் இருந்தார், பிறகு கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார். நியூ பிரன்சுவிக்கில் ஃபிரடெரிக்டன் நகருக்கு அருகே காட்டுக்குள் ஒரு முகாம், பிறகு கியூபெக்கில் ஃபார்னம் முகாம். அந்த முகாம்களில் கொடுத்த சட்டையின் முதுகில் பெரிய சிவப்பு வட்டம் ஒன்று இருக்கும். தப்பியோட முயன்றால் காவலாளி குறிபார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது. யூதர் என்பதற்காகத் துரத்தப்பட்டவர், ஜேர்மனியர் என்பதற்காக அதைப் போட்டுக்கொண்டு கனடியப் பனியில் நின்றார்.

1941இல் விடுதலையானதும் மொன்றியலுக்கு வந்தார். அந்த வருடம் ரோஸ் மில்மன் என்ற பெண்மணி தொடங்கியிருந்த டொமினியன் கலைக்கூடத்தில் வேலை கிடைத்தது. 1947இல் அவரும் மனைவி ஐரிசும் அதன் உரிமையாளர்களானார்கள். இதற்குப் பிறகு அவர் செய்தவை கனடாவின் கலை வரலாற்றைப் படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். உயிரோடிருக்கும் கனடிய ஓவியர்களை அந்நாளில் அதிகம் பேர் வாங்குவதில்லை. பணக்காரர் ஐரோப்பிய ஓவியமே கேட்பார்கள். ஸ்டேர்ன் உள்ளூர் ஓவியர்களோடு ஒப்பந்தம் போட்டார். அவர்கள் நம்பி வாழக்கூடிய ஒரு வருமானத்தை உறுதிப்படுத்தினார். 1944இல் நாட்டின் மறுகரையில் நோயோடு இருந்த எமிலி காரைத் தேடிப்போய், அவரது ஓவியங்களைக் கொண்டுவந்து மொன்றியலில் காட்சி வைத்தார். அடுத்த வருடம் எமிலி கார் இறந்துபோனார். 1951இல் வான்கூவர் தீவில் ஒதுங்கி வாழ்ந்த இ. ஜே. ஹியூஸ் என்ற ஓவியரைத் தேடிப் பிடித்து, அவர் வரைவதையெல்லாம் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு செய்தார். அந்த உறவு ஸ்டேர்ன் இறக்கும்வரை நீடித்தது.

நான் மொன்றியலில் வாழ்பவன். ஷேர்புரூக் தெருவில் அந்தக் கலைக்கூடம் இருந்த கட்டடத்தைக் கடந்து போகும்போதெல்லாம், எல்லாம் பறிபோன பிறகு இன்னொரு நாட்டின் ஓவியர்களுக்குச் சோறு போட்ட அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டிலும் ஊரைவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிட்டு வந்ததை விட்டுக்கொடுத்ததாக எண்ணிவிடக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்டேர்னும் விட்டுக்கொடுக்கவில்லை. போர் முடிந்ததும் ஐரோப்பாவுக்குப் போய்த் தேடினார், தொலைந்தவை பற்றி விளம்பரம் செய்தார், நேச நாடுகளின் அதிகாரிகளிடம் பட்டியல் கொடுத்தார். சில கிடைத்தன, பெரும்பாலானவை கிடைக்கவில்லை. 1987இல் வேலை நிமித்தம் பாரிஸ் போனவர் அங்கேயே இறந்தார். ஐரிஸ் அதற்கு முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. சொத்தை மொன்றியலின் கொன்கோர்டியா, மக்கில் பல்கலைக்கழகங்களுக்கும் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதி வைத்தார். 2002இல் இந்த மூன்றும் சேர்ந்து, தொலைந்த ஓவியங்களை மீட்கும் திட்டமொன்றைத் தொடங்கின. ஏறத்தாழ 400 ஓவியங்கள் தேடப்படுகின்றன. மீட்கப்பட்டவை இருபதுக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பவற்றைத்தான் நீங்கள் வைத்திருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன்.

1947 நவம்பரில், ஜேர்மனியில் தங்கள் பொறுப்பிலிருந்த பகுதியில் அமெரிக்கர்கள் 59ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். துன்புறுத்தப்பட்ட ஒருவர் 1933 ஜனவரி 30க்குப் பிறகு ஒரு சொத்தைக் கைமாற்றியிருந்தால், அது வற்புறுத்தலின் பேரில் நடந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும். அப்படியல்ல என்று நிறுவும் கடமை வாங்கியவருடையது. நியாயமான விலை கொடுத்ததையும், அந்தப் பணத்தை விற்றவர் தன் விருப்பப்படி கையாள முடிந்ததையும் அவர் காட்ட வேண்டும். நியூரம்பர்க் இனச் சட்டங்கள் வந்த 1935 செப்டெம்பர் 15க்குப் பிந்தைய கைமாற்றமென்றால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும்: நாசி ஆட்சி இல்லாதிருந்தாலும் இந்த விற்பனை நடந்திருக்கும் என்பது போன்றதைக் காட்டியாக வேண்டும். இன்று ஜேர்மன் அருங்காட்சியகங்களுக்கு அரசு தரும் வழிகாட்டலும் இதே அளவுகோல்களில்தான் நிற்கிறது.

இந்த அளவுகோல்களை ஸ்டேர்னின் ஏலத்தில் வைத்துப் பாருங்கள். நெருக்கடி விலை. கைக்கு வராத பணம். கடையைக் கலைக்கச் சொல்லும் அரசுக் கடிதம் எழுத்தில். எதில் தேறுகிறது?

அமெரிக்க நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. அந்த 1937 ஏலத்தில் வின்டர்ஹால்டர் வரைந்த சபீன் மலைப் பெண் ஒருத்தியின் ஓவியத்தை நாசிக் கட்சியைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் வாங்கினார். அவரது வளர்ப்பு மகள் அதை அமெரிக்காவின் ரோட் ஐலண்டுக்குக் கொண்டுபோனார். 2005இல் அது அங்கே ஏலத்துக்கு வந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. அவர் கொடுக்க மறுத்தார், பேச்சுவார்த்தை முறிந்ததும் ஓவியத்தை ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டார். 2007 டிசெம்பரில் கீழ் நீதிமன்றமும் 2008 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஸ்டேர்ன் தரப்புக்கே உரிமை என்று தீர்த்தன. ஏலம் என்ற பெயரில் நடந்தாலும் நடைமுறையில் அது பறிமுதல் என்றார்கள். இவ்வளவு காலம் ஏன் தாமதித்தீர்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. தாத்தா வாங்கியது, மாமா வாங்கியது என்று சொல்லும் குடும்பங்கள் இந்தத் தீர்ப்பைத் தேடி வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஜேர்மனியில் அப்படித் தீர்ப்பு வராது என்று உங்கள் சட்டத்தரணிகள் சொல்வார்கள், அது எனக்கும் தெரியும். அங்கே 30 வருடம் கடந்தால் உரிமை கோரும் வழக்குக்குக் காலாவதி. நாசிகள் பறித்த கலைப்பொருள்கள் பற்றி 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் ஏற்ற கோட்பாடுகள் சட்டமாக எவரையும் கட்டாது. அரசு அருங்காட்சியகங்களுக்கு அறக்கடமை, தனியாருக்கு அதுவும் வெறும் வேண்டுகோள். ஆக, நீங்கள் ஓவியத்தை வைத்துக்கொள்ளலாம். உங்களை எவரும் சிறையில் போடப்போவதில்லை. ஆனால் அந்தக் காலாவதி, ஆளும் கடையும் நாடும் இழந்தவர் வழக்குப் போட முடியாமலிருந்த வருடங்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு. அதை உங்கள் உரிமைக்கு ஆதாரமாகக் காட்ட உங்களுக்கே மனம் வருமா?

உங்களுள் ஒருவர், இழந்த கலைப்பொருள்களுக்கான மாக்டெபேர்க் தரவுத்தளத்திலிருந்து தன் ஓவியத்தின் பெயரை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அந்திரேயாஸ் ஆகன்பாக் 1861இல் வரைந்த கலாப்ரியக் கடற்கரை அது. 1999இல் லண்டன் ஏலத்தில் வாங்கியிருந்தார். 2023 ஜூலையில் ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் அவரது கோரிக்கையை ஏற்கவில்லை. அந்த ஓவியம் ஒருகாலத்தில் ஸ்டேர்னிடம் இருந்தது என்பது உண்மை, உண்மையைப் பதிந்து வைப்பது உங்கள் உரிமையில் தலையிடுவதாகாது என்பதே அதன் நிலைப்பாடு. 1999இல் வாங்கியவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு விற்றவர்களும் விற்றுத் தந்தவர்களும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அதன் விலையை இன்று அவர் கொடுக்கிறார். உங்கள் மனத்தாங்கலை ஸ்டேர்னின் சொத்துரிமையாளர்கள் மீது காட்டாதீர்கள். உங்களுக்கு விற்றவர்களிடம் கேளுங்கள்.

ஏலக்கூடத்தாரே, இது உங்களுக்கு. லுடோவிகோ கராச்சி என்ற இத்தாலிய ஓவியரின் புனித ஜெரோம் ஓவியம் 1937இல் ஸ்டேர்னின் ஏலத்தில் போனது. 2000இல் அதே கொலோன் ஏலக்கூடத்தில் மறுபடி விற்கப்பட்டது. வாங்கியவர் நியூயோர்க்கின் பேர்பெற்ற கலை வணிகர் ரிச்சர்ட் ஃபைகன். 2009இல் இன்னொரு ஸ்டேர்ன் ஓவியம் நியூயோர்க்கில் மீட்கப்பட்ட செய்தியைப் பார்த்ததும் அவர் தன்னிடமிருந்ததைத் தானே சரிபார்த்தார். ஸ்டேர்னுடையது என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எவரும் வழக்குப் போடவில்லை, எவரும் அவரைக் கண்டுபிடிக்கவுமில்லை. அவரே முன்வந்தார். தொழிலில் அவர் பேருக்கு ஒரு கீறலும் விழவில்லை, கூடவே மதிப்புத்தான் கிடைத்தது. 392ஆவது ஏலத்தின் பட்டியல் கையில் இருக்கும் ஒரு நிறுவனம் அதைத் திறந்து பார்த்திருந்தால் அந்த ஓவியம் 2000இலேயே வீடு திரும்பியிருக்கும். இப்போது 2016இன் ஜேர்மன் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம், நாசிக் காலத்தில் பறிக்கப்பட்டிருக்கக்கூடிய பொருள்களைத் தொழிலாக விற்பவர்கள் கூடுதல் கவனத்தோடு ஆராய வேண்டும் என்கிறது.

"வாரிசுகள்கூட இல்லை, பல்கலைக்கழகங்களுக்குத்தானே போகிறது" என்று சிலர் முணுமுணுக்கிறீர்கள். தன் பொருளை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையை 1937இல் அந்த மனிதரிடமிருந்து பிடுங்கினார்கள். ஐம்பது வருடம் கழித்து, தன் உயிலில் அந்த முடிவை அவர் எடுத்தார். அதையும் மறுக்கிறீர்கள்.

டுஸ்ஸல்டோர்ஃப் நகராட்சியையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஸ்டேர்னைப் பற்றிய காட்சி 2018 பெப்ரவரியில் அங்கே நகர அருங்காட்சியகத்தில் தொடங்கவிருந்தது. 2017 நவம்பரில், ஜேர்மன் அருங்காட்சியகங்களில் நிலுவையிலுள்ள உரிமைக் கோரிக்கைகளைக் காரணம் காட்டி நகரம் அதை ரத்துச் செய்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு வேறு வடிவில் நடத்துவதாக அறிவித்தார்கள். 2021இல் அது நடந்தது, ஆனால் மீட்புத் திட்டத்தினர் அதில் சேரவில்லை. அவரை விரட்டிய நகரம் அவருடைய கதையைச் சொல்லும் வாய்ப்பையும் இப்படிக் கெடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் அதே அருங்காட்சியகம் 2014இல் நல்ல முன்னுதாரணம் ஒன்றைக் காட்டியிருந்தது: வில்ஹெல்ம் ஃபொன் ஷாடோவின் தன்னுருவ ஓவியத்தை ஸ்டேர்ன் தரப்புக்கே உரியது என்று ஒப்படைத்தது, அவர்கள் அதை அங்கேயே இரவலாக விட்டார்கள். ஆகவே, திருப்பிக் கொடுத்தால் சுவர் வெறுமையாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். 2013இல் ஷ்டுட்கார்ட் மாநிலக் கலைக்கூடமும் ஃபிளெமால் ஆசான் என்று அழைக்கப்படும் பழைய ஓவியருடையதென்று கருதப்படும் மாதாவும் குழந்தையும் ஓவியத்தைப் பெர்லினின் கனடியத் தூதரகத்தில் வைத்துக் கையளித்தது. அந்தக் கலைக்கூடத்துக்கு அதனால் பெருமையே தவிரக் குறைவில்லை.

இனி நான் உங்களிடம் கேட்பது.

வைத்திருப்பவர்களே, ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி முதுகுப்புறத்தைப் பாருங்கள். மரச்சட்டகத்தில் ஒட்டிய கடைச்சீட்டு, மைமுத்திரை, சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய இலக்கம், எது இருந்தாலும் துடைக்காமல், கிழிக்காமல் படமெடுங்கள். மாக்டெபேர்க் தரவுத்தளம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 1937 பட்டியலும் எண்ணிம வடிவில் வாசிக்கக் கிடைக்கிறது. ஓவியரின் பெயரையும் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் கொன்கோர்டியாவுக்கு எழுதுங்கள். உங்கள் பெயரை வெளியிட விருப்பமில்லையென்றால் சட்டத்தரணி மூலம் எழுதுங்கள்.

விற்றுத் தருபவர்களே, ஒரு ஓவியத்தின் மீது கேள்வி எழுந்ததும் அதை விற்பனையிலிருந்து ஓசையின்றி எடுத்து, கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் அது மறுபடி ஏதோ ஒரு வீட்டுக்குள் போய் இன்னொரு தலைமுறைக்கு மறைந்துவிடும். பேச்சு முடியும்வரை உங்கள் காப்பறையிலேயே வைத்திருங்கள். கொண்டுவந்தவரையும் ஸ்டேர்ன் தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். 1937 தொடங்கிய உங்கள் ஏடுகளில் அந்த விற்பனை பற்றி என்னென்ன மிஞ்சியிருக்கிறதோ, யார் வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார் என்பது உட்பட, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

மொன்றியலிலிருந்து,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும் ஒரு கலை இரசிகன்